மேட்டில் இழுக்காத வண்டி

அந்தப் பழைய டீசல் கார் மூன்றாவது முறையாகப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது, மெக்கானிக் நிதானத்துக்கு எழுந்து போய்ப் பார்க்கவே மனமில்லை. நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எதையும் அவசரப்படாமல் பிரித்து அவசரப்படாமல் மாட்டுகிறவர் என்பதால், பக்கத்து டயர் கடைக்காரர் வைத்தது. டயர் கடைக்காரர் அவருடைய தங்கையின் கணவர். வீட்டு மாப்பிள்ளை வைத்த பெயரை மறுத்துப் பேச முடியுமா? அதுவே நிலைத்துவிட்டது.

வண்டியின் சத்தம் கேட்டதுமே டயர் கடையிலிருந்து குரல் வந்தது.

"மச்சான், உங்க விருந்தாளி வந்தாச்சு. இலை போட்டுடவா?"

நிதானம் முட்டியில் கையை ஊன்றி எழுந்தார். ஐம்பத்தாறு வயதுக்கு அந்த முட்டி அதிகமாகவே உழைத்துவிட்டது.

வண்டியிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு நாற்பத்தைந்து இருக்கலாம். மலைமேல் இருக்கும் நான்கு சிறு மருத்துவமனைகளுக்குப் போய், அங்கே எடுத்து வைத்திருக்கும் ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டிகளில் வாங்கிக்கொண்டு வந்து, நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவளுடைய வேலை. பெட்டிகளின் பட்டை அழுத்தி அழுத்தி அவளுடைய வலது தோள் கொஞ்சம் தாழ்ந்தே போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரி வேற பங்க்லதான் டீசல் போட்டேன். அப்பவும் இழுக்கல. சமதளத்துல ஏதோ போகுது. மேடு வந்தா ரெண்டாவது கியர்லயே முக்குது. பின்னாடி வர்றவனெல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டிட்டுப் போறான்."

"புகை வருதாம்மா?"

"கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. புகையே இல்ல."

அதுதான் அவருக்குத் தலைவலியாக இருந்தது. காற்று போதாமல் இழுக்காவிட்டால் வண்டி கறுப்பாகப் புகை கக்கும். புகையே இல்லாமல் பலம் குறைகிறது என்றால், எஞ்சினுக்குப் போதுமான டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஏன் போகவில்லை? முதல் தடவை வந்தபோது டீசல் ஃபில்டரை மாற்றினார். காற்று ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. இரண்டாம் தடவை டேங்கையே இறக்கிக் கழுவினார். குழாயில் காற்று நுழைகிறதா என்று கண்ணாடிபோன்ற டியூபை இடையில் மாட்டிப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. சக்கரங்களைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார்த்தார். பிரேக் எங்கும் பிடிக்கவில்லை. பானட்டைத் திறந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப்பின் நெம்புகோலைக் கையால் இழுத்தால் எஞ்சின் சிங்கம்போல உறுமியது. ஓட்டிப் பார்த்தால் நோயாளிபோல முனகியது.

இரண்டாம் தடவை கடைசியில் வேறு வழியில்லாமல், "டீசல் சரியில்லைன்னு நினைக்கிறேன்மா, பங்க்கை மாத்திப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சொன்ன வாய் அன்று இரவு சாப்பிட்டபோதும் கசந்தது. காரணம் தெரியாத மெக்கானிக் சொல்கிற முதல் பொய் அது என்று அவருக்கே தெரியும்.

"நான் பெட்டிங்களைக் கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்துர்றேன். ரெண்டு தெருதானே, நடந்துடுவேன். அவர் வண்டியிலேயே உக்காந்திருக்கட்டும்" என்றாள் அவள். இரண்டு பெட்டிகளையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அவர் என்றது அவளுடைய கணவரை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் வாதம் அடித்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மற்ற நாட்களில் வீட்டில்தான் இருப்பார். பட்டறைக்கு வரும்போது மட்டும், வண்டி விஷயம் தெரிந்தவர் என்று அவள் அவரையும் கூட்டி வருவாள். நிதானம் அவரைப் பழைய வழக்கப்படி டிரைவர் என்றே கூப்பிடுவார்.

"என்ன டிரைவரே, உங்களுக்கு என்ன தோணுது?"

"டீசல்ல தண்ணி இருக்கும்" என்றார் அவர், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. போன இரண்டு தடவையும் இதையேதான் சொன்னார்.

நிதானம் பானட்டைத் தூக்கினார். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றலாம் என்று ஸ்பானரை எடுத்தவருக்குக் கை ஓடவில்லை. கழற்றினால் அரை நாள். கழற்றிப் பார்த்து அதுவும் நன்றாக இருந்தால்? பம்ப்பை இறக்க வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால்? ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் நெற்றியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் நெம்புகோலைத் தன் கையால் இழுத்துத்தான் எஞ்சினைச் சோதித்திருக்கிறார். ஆக்ஸிலேட்டர் பெடலை மிதித்தால் அந்த நெம்புகோல் எவ்வளவு தூரம் வருகிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மிதிக்க ஒருவர், பார்க்க ஒருவர் வேண்டும். தனி ஆளாக வேலை செய்து செய்து, ஒற்றை ஆளால் முடிகிற சோதனைகளோடு நின்றுவிட்டிருக்கிறார்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் வாங்க. காலை மட்டும் கொண்டு வந்தா போதும்."

"தலை வேண்டாமா? நல்லது, அது வீட்டுலயே இருக்கு" என்றபடி டயர் கடைக்காரர் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"முழுசா மிதிங்க."

"மிதிச்சாச்சு."

"இன்னும்."

"மச்சான், இதுக்கு மேல மிதிச்சா ரோட்டுலதான் கால் வைக்கணும்."

நெம்புகோல் வர வேண்டிய இடத்துக்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே நின்றது. நிதானம் விரலால் மீதியைத் தள்ளினார். எளிதாகப் போனது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். இவர் நெய்க்காக டேங்கையே இறக்கிக் கழுவியிருக்கிறார்.

டயர் கடையில் யாரோ கூப்பிட, மாப்பிள்ளை போனார். நிதானம் ஓட்டுநர் பக்கக் கதவருகே முழங்காலிட்டுக் குனிந்து, தரைவிரிப்பை உயர்த்தினார். பெடல் கீழே போய்த் தகட்டில் மோதாமல் இருக்க, அடியில் ஒரு போல்ட் நிற்கும். அந்தப் போல்ட் ஏறக்குறைய முழுதும் வெளியே திருகப்பட்டிருந்தது. பெடல் பாதி வழியிலேயே அதன் தலையில் உட்கார்ந்துவிடும். போல்ட் தானாகக் கழன்று வரவில்லை. வெளியே வந்த மரை பளபளத்தது. போல்ட்டை நகராமல் பிடிக்கும் பூட்டு நட்டின் முனைகளில் ஸ்பானர் வழுக்கி வழுக்கிச் சுரண்டிய கீறல்கள். இத்தனைக்கும் பிறகு நட்டை நன்றாக இறுக்கி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் மூடி வைத்திருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் இப்போது முன்கண்ணாடியைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தக் கையால எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார் நிதானம்.

"மூணு சாயங்காலம்" என்றார் டிரைவர். "நடைப்பயிற்சிக்குக் கீழ போறேன்னு சொல்லிட்டு வருவேன்."

நிதானம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"முன்னாடி மலைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு நடைதான் போயிட்டிருந்தா" என்றார் டிரைவர். "மூணாவது நடை கேட்டு வாங்கிக்கிட்டா. நாலு மணிக்குள்ள கூடத்துல கொடுக்கணும், இல்லேன்னா ரத்தம் கெட்டுடும்னு பறப்பா. அந்த ரோட்டுல நான் ஓட்டியிருக்கேன் அண்ணே. ஒவ்வொரு வளைவும் தெரியும். ஒரு நாள் வந்து வண்டியை நிறுத்தினா. எஞ்சின் நின்னுச்சு, ஆள் இறங்கல. மாடி ஜன்னல்ல இருந்து பாக்குறேன், ஸ்டியரிங்ல தலையை வெச்சுத் தூங்கிட்டா. கூப்பிட்டா கேக்காது. பதினோரு படி. நான் இறங்கி முடிக்கறதுக்குள்ள அவளே முழிச்சுட்டா. ஏன் இறங்கி வந்தீங்கன்னு என்னைத் திட்டினா."

"வேகமா போகாதேன்னு சொல்லியிருக்கலாமே."

"எந்த வாயால சொல்றது? அவ ஓட்டறா, நான் சாப்பிடறேன்." அவர் குரல் உடையவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துத் தேய்ந்துபோன வார்த்தைகள் போலிருந்தன. "வண்டி மெதுவாப் போனா அவளும் மெதுவாப் போவா. ஃபில்டர்னு சொல்லிடுங்க அண்ணே. ஒரு ரெண்டு மரை மட்டும் உள்ள தள்ளிட்டு, மீதியை அப்படியே விட்டுடுங்க."

நிதானம் எழுந்து கை கழுவக் குழாயடிக்குப் போனார். சோப்பு நுரைக்கும்போதே அவள் திரும்பி வந்துவிட்டாள். வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குழாயடியிலேயே நின்று தணிந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, இன்னிக்கு எப்படியாவது பாத்துடுங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க. போன வியாழக்கிழமை மரம் ஏத்தின லாரி ஒண்ணு முன்னாடி ஊர்ந்துச்சு. தாண்டிடலாம்னு ஏறிட்டேன். பாதில வண்டி இழுக்கல. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், பக்கத்துலயே ஓடுதே தவிர முன்னாடி போகல. எதிர்ல பஸ் வந்துடுச்சு. அந்த லாரிக்காரன் புண்ணியவான், பிரேக் போட்டு வழி விட்டான். உள்ள புகுந்துட்டேன். ஓரமா நிறுத்தித் திரும்பிப் பாத்தா பெட்டி கவுந்து கிடக்கு. கால் மணி நேரம் கிளட்ச்சை மிதிக்க முடியல."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிதானம் மனதுக்குள் நாளை எண்ணிப் பார்த்தார். வியாழக்கிழமை. அவர் பங்க்கை மாற்றச் சொல்லி அனுப்பியதற்கு மறுநாள்.

குழாயை மூடினார். பின்னாலேயே அவளை வரச் சொல்லி வண்டியருகே போனார். கதவைத் திறந்து வைத்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கோளாறு கெடைச்சிடுச்சு. பெடலுக்கு அடியில. முதல் நாளே நான் அங்க பாத்திருக்கணும், பாக்கல. டீசல் மேல பழியைப் போட்டேன். அது என் தப்பு. மீதி என்னோடது இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்க. இந்த மூட்டையை என்னால தூக்க முடியாது. டிரைவரே, போல்ட்டைப் பத்தி நீங்க சொல்லுங்க. அம்மா, வியாழக்கிழமையைப் பத்தி நீங்க சொல்லுங்க. நான் டீ குடிச்சுட்டு வர்றேன்."

டயர் கடையில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். மாப்பிள்ளை டீயை நீட்டியபடி வாயைத் திறக்கப் போனார். மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு வண்டிக்குள் பேசுவது எதுவும் கேட்கவில்லை. அவள் ஓட்டுநர் இருக்கையில் பக்கவாட்டாக, காலை வெளியே போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒரு கட்டத்தில் குனிந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். நிமிர்ந்தவள் அடிப்பாள் என்றுகூட நிதானம் நினைத்தார். அவள் எதுவும் செய்யவில்லை. பிறகு அவள் பேசினாள், கையால் லாரி போனதையும் பஸ் வந்ததையும் காட்டிக் காட்டி. அவர் தன் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்து, அவருடைய விழுந்த கையை எடுத்து மடியில் சரியாக வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான்.

டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் அவள் கூப்பிட்டாள்.

"போல்ட்டைப் பழையபடியே வெச்சிடுங்க அண்ணே. முழுசா." பிறகு கணவரைப் பார்க்காமல், அவருக்குக் கேட்கும்படி சொன்னாள்: "மூணாவது நடையை விட்டுடறேன்னு இன்னிக்கே சொல்லிடறேன். அதுக்குன்னு ரெண்டு நடையையும் நான் தூங்காம ஓட்டுவேன்னு சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தறேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அது போதும்" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மூணு சாயங்காலம் போதாம, போல்ட்டைத் திருகியிருக்கீங்க."

"திருகறது சுலபமா இருந்துச்சு."

அவள் மூச்சு விட்டாள். அது சிரிப்பா என்று நிதானத்துக்குத் தெரியவில்லை. போல்ட்டை உள்ளே திருகி, நெம்புகோல் கடைசிவரை வருகிறதா என்று அவளையே மிதிக்கச் சொல்லிப் பார்த்து, நட்டை இறுக்கினார். பத்து நிமிட வேலை.

ஓட்டிப் பார்க்க மூவரும் போனார்கள். அவள் ஓட்டினாள், நிதானம் பின்னால், காலிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நீர்த்தொட்டி மேடு வந்ததும் மூன்றாவது கியரில் மிதித்தாள். வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல ஏறியது. டிரைவரின் வலது கை ஜன்னலுக்கு மேலிருந்த பிடியை இறுக்கியது, விரல்கள் வெளுத்தன. அவள் அதைக் கவனித்தாள். மேட்டின் பாதியில் காலைக் கொஞ்சம் எடுத்தாள். வண்டி அதற்கும் சளைக்காமல் ஏறியது.

உச்சியில் நிதானம் இறங்கிக்கொண்டார். திரும்பக் கொண்டு விடுகிறேன் என்றாள். வேண்டாம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றார்.

இறக்கத்தில் நடப்பது முட்டிக்கு ஏற்றத்தைவிட மோசம். நின்று நின்றுதான் இறங்கினார். பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னதான் கோளாறு மச்சான்?"

"பெடலுக்குக் கீழ ஒரு போல்ட்."

"அதுக்கா மூணு தடவை?"

"அதுக்குத்தான்" என்றார் நிதானம்.

நாளையிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முதலில் பெடலை மிதிக்க இந்த மனிதரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மறக்காமலிருக்கச் சுவரில் எழுதி வைக்கலாம் என்று சுண்ணக்கட்டியைத் தேடினார். கிடைக்கவில்லை. தேடவும் அலுப்பாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார்.