கீழூர் பார்த்த ஸ்பீக்கர்

1

இந்தக் கதை எனக்கு பஸ் ஜன்னல் வழியாகக் கிடைத்தது. 2008 ஆகஸ்ட் மாதம். பல்லடம் சாலையில் அருள்புரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டவுன் பஸ் பஞ்சராகி நின்றது. சாலையை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் உச்சியில் ஒருவர் நின்றுகொண்டு குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கிழக்கே திருப்பினார். இறங்கினார். கொஞ்ச தூரம் நடந்துபோய்க் காது கொடுத்துக் கேட்டார். மறுபடி ஏறி இன்னும் கொஞ்சம் திருப்பினார். ஒரு ஸ்பீக்கரை யாரும் அத்தனை ஆசையோடு திருப்பி நான் பார்த்ததில்லை.

நான் அந்தப் பக்கம் போனது கட்டுரை எழுத. திருப்பூர் மாநகராட்சியான வருடம் அது. டவுனோடு சேர்வதா, ஊராட்சியிலேயே இருப்பதா என்ற வாதத்தைப் பற்றிய கட்டுரை. "உள்ளாட்சி எல்லைகளை மறுவரையறை செய்யும்போது மக்களின்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கே தூக்கம் வந்துவிட்டது. மனதில் நின்றது ஸ்பீக்கர்காரர்தான். அவருக்குக் கன்னையன் என்று பெயர் வைத்துக்கொண்டேன். மீதியெல்லாம் கற்பனை, ஊரையும் சேர்த்து.

2

முதல் தொடக்கம்: "கன்னையனுக்குக் கட்சி கிடையாது. மைக்செட் வைத்திருப்பவனுக்குக் கட்சி—"

வேண்டாம். மேடைப் பேச்சு வாடை அடிக்கிறது.

இரண்டாவது: "மேற்கூரும் கீழூரும் ஒரே ஊராட்சி. நடுவில் ஒரு சோளக்காடு." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

மேற்கூரும் கீழூரும் ஒரே ஊராட்சி. நடுவில் ஒரு சோளக்காடு. கோயில் மேற்கூரில், சுடுகாடு கீழூரில். நல்லது கெட்டது எதுவானாலும் ஒருவர் ஊருக்கு ஒருவர் நடந்தே ஆகவேண்டும். இதில் டவுனை ஒட்டியிருக்கும் கீழூருக்கு, ஊராட்சியை விட்டு விலகி டவுனோடு சேர ஆசை வந்துவிட்டது. சுதந்திர தினத்தன்று கிராமசபையில் கை தூக்கித் தீர்மானம் போடுவதாக ஏற்பாடு.

விலகலாம் என்பவர்களுக்குத் தலைவர் தமிழ்செல்வன், கீழூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். "எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுங்க, அதுலயும் பாதி காத்து. போர்ல எறைச்சா சாயத்தண்ணி. இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஊராட்சியக் கட்டிக்கிட்டு அழுவறது?" என்பார்.

இருக்கலாம் என்பவர் ஊராட்சித் தலைவர் அர்த்தநாரி. "டவுன்ல சேந்தா வரி மொதல்ல வரும், தண்ணி பொறவுதான் வரும். நூறு நாள் வேலை இந்த வருசந்தான் வந்துச்சு, அதும் போயிரும். இங்க லைட்டு எரியலீன்னா என்ற ஊட்டுக் கதவத் தட்டறீங்க. அங்க யாரு கதவத் தட்டுவீங்க?"

(இரண்டு பேர் சொல்வதும் நியாயம். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் நான் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்திருப்பேன்.)

இரண்டு தரப்புக்கும் மைக்செட் ஒன்றுதான். கன்னையனுடையது. ஒரு நாள் அவர்கள் கூட்டம், மறுநாள் இவர்கள் கூட்டம். சோளக்காட்டை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு ஸ்பீக்கர்: ஒன்று மேற்கூர் பார்த்து, ஒன்று கீழூர் பார்த்து. யார் பேசினாலும் ஒரே சத்தம் வைப்பேன் என்று இரு தரப்புக்கும் வாக்குக் கொடுத்திருந்தான். சத்தத்தில் அவன் விளையாடவில்லை. திசையில்தான் விளையாடினான்.

3

அர்த்தநாரி பேசுகிற நாளில் கீழூர் ஸ்பீக்கர் நேராக ஒரு வீட்டைப் பார்க்கும். ஓட்டுவீடு, வாசலில் முருங்கை மரம். "இருங்க, போயிராதீங்க, சேந்தே இருப்போம்" என்ற பேச்செல்லாம் அந்த முருங்கையடியில் போய் விழும். தமிழ்செல்வன் பேசுகிற நாளில் அதே ஸ்பீக்கர் சோளக்காட்டுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

"ஏனப்பா கன்னையா, நான் பேசறது எங்கூரு சனத்துக்கே கேக்கலீங்கறாங்க?" என்று தமிழ்செல்வன் கேட்டார்.

"ஆடிக் காத்துங்ண்ணா. பேச்ச அப்பிடியே அடிச்சுட்டுப் போயிருது."

ஓட்டுவீடு மைதிலியின் அம்மா வீடு. மைதிலி கன்னையனின் மனைவி. மேற்கூரில் அவனோடு இருந்தவள், ஆனி மாதத்திலிருந்து கீழூரில் அம்மாவோடு இருக்கிறாள். அவள் திரும்பி வருவாளா? கன்னையனுக்கு உலகத்தில் இது ஒன்றுதான் கேள்வி. ஊர் டவுனோடு போனாலும் டெல்லியோடு போனாலும் அவனுக்குக் கவலையில்லை.

4

இங்கே எனக்குக் கன்னையன்மேல் சந்தேகம் வந்தது.

முதல் பிரதியில் அவனை மிகவும் நல்லவனாக எழுதியிருந்தேன். மனைவியை நினைத்து ஸ்பீக்கர் திருப்பும் ஆள் என்றால் யாருக்கும் பிடித்துவிடும். எனக்கும் பிடித்தது. ஆனால் மைதிலி ஏன் போனாள் என்று எழுத உட்கார்ந்தபோது பேனா நகரவில்லை. "சின்ன மனஸ்தாபம் ஒன்றில்" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

மைதிலி அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லர். ஆனி மாதம் அவளை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வீட்டுக்கு வர நேரமாகும். கன்னையனின் அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கன்னையன் மைதிலியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராகக் கம்பெனி வேன் டிரைவர் ராமரிடம் போய், "அவ இனி வரமாட்டாளுங்க. மேக்கூர்ல நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே மைதிலியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிறவன் சொந்த வீட்டில் ஊமை.

மறுநாள் காலையில் டிபன்பாக்ஸோடு நின்ற மைதிலியைத் தாண்டி வேன் நிற்காமல் போனது. அவள் கை காட்டினாள். உள்ளே இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுடிதார்மேல் வேலைக் கோட்டு போட்ட ஒருத்தி சிரித்தாள். மத்தியானத்துக்குள் யார் சொன்னது என்று தெரிந்துவிட்டது. மைதிலி சண்டை போடவில்லை. சோளக்காட்டு வழியே நடந்து அம்மா வீட்டுக்குப் போனாள். வேன் கீழூரில் நிற்கும் அல்லவா.

இதை எழுதி முடித்தபோது எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

5

பதின்மூன்றாம் தேதி சாயங்காலம், கீழூரில் வேனை விட்டு இறங்கிய மைதிலி, வேலியோரம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கன்னையனைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, போகாத இருங்கற பேச்சு மட்டும் எங்கூட்டு வாசல்ல வந்து உளுகுது. போலாங்கற பேச்சு ஒண்ணுங் கேக்கறதில்ல. ஆடிக் காத்துன்னீங்களாமே, அந்தக் காத்துக்கு எங்கூடு மட்டும் கண்ணுக்குத் தெரியுதுங்களா?"

கன்னையன் ஒயரையே பார்த்தான்.

"உன்னைய ஊட்டுக்கு வரச் சொல்லோணும்னு…"

"அதுக்கு அர்த்தநாரி ஐயா வாயி எதுக்குங்க? ஒரு ஊரு போறதுக்கும் இருக்கறதுக்கும் கூட்டம் போடறாங்க, நோட்டீஸ் ஒட்டறாங்க, கையத் தூக்குங்கறாங்க. என்னைய ஒருத்தராச்சும் கேட்டீங்களா? வேனை நிறுத்த வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால ஒரு வார்த்தை?"

"கேக்கலதான்."

"சரிங்க. காத்து மாறட்டும், பாக்கலாம்."

அவள் போய்விட்டாள். (இங்கே கன்னையன் அழுவதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். அவன் ஒயரைச் சுற்றி முடித்தான்.)

6

முடிவுகள். கைவசம் இரண்டு இருந்தன.

அ) கோயிலில் பூக் கேட்கிறார்கள்.* வெள்ளைப் பூ வந்தால் இருக்கலாம், சிவப்பு வந்தால் போகலாம். கன்னையன் மனதுக்குள் தன் கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறான். வெள்ளை வருகிறது. மைதிலி கோயில் வாசலில்—

ஆ) கன்னையன் தன்னை மறந்து, அணைக்காத மைக்கில் "மைதிலி, வந்துரு" என்கிறான். இரண்டு ஊருக்கும் கேட்கிறது. ஊர் கைதட்டுகிறது. மைதிலி வெட்கப்பட்டு—

* கொங்கு நாட்டு வழக்கம். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியே பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டும் சுலபம். இரண்டிலும் மைதிலி திரும்பி வருகிறாள். இரண்டிலும் அவளை யாரும் கேட்கவில்லை: ஒன்றில் அம்மன் முடிவு செய்கிறாள், இன்னொன்றில் ஊர். இரண்டுக்கும் மேலே நான் இருக்கிறேன், ராமரிடம் சொல்லிவிட்டு வந்த கன்னையன் மாதிரி. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

7

கிராமசபைக்கு முந்தின நாள் தமிழ்செல்வன் தரப்பின் கடைசிக் கூட்டம். கன்னையன் தொட்டிமேல் ஏறினான். சோளக்காட்டைப் பார்த்திருந்த ஸ்பீக்கரைத் திருப்பி, நேராக முருங்கை மரத்தைப் பார்த்துக் கட்டினான். இறங்கி நடந்துபோய்க் கேட்டான். போதவில்லை. மறுபடி ஏறி, கம்பியை இறுக்கினான்.

"போலாங்க! தைரியமாப் போலாம்! யாருக்கும் பயந்துக்கிட்டு இருக்கோணும்னு சட்டமா?" என்று தமிழ்செல்வனின் குரல் அந்த வாசலில் மணி மணியாக விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் தன் வீட்டுக்கு எதிரான ஓட்டு என்று கன்னையனுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்பீக்கரை அவன் தொடவில்லை.

மறுநாள் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கிராமசபை நடந்தது. கைகள் எழுந்தன. கீழூர் விலகலாம் என்ற தீர்மானம் மயிரிழையில் நிறைவேறியது. அதை மேலே அனுப்பினார்கள். மேலே அது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பெண்கள் பக்கம் மைதிலியும் இருந்தாள். அவள் எதற்குக் கை தூக்கினாள் என்று கன்னையன் பார்க்கவில்லை. அவள் கை, அவள் பாடு என்று மைக்கைப் பிடித்தபடி குனிந்து நின்றான்.

கூட்டம் கலைந்ததும் ராமரைத் தேடிப் போனான்.

"நாளையிலிருந்து மேக்கூர்லயும் வேனை நிறுத்துங்க."

ராமர் ராமநாதபுரத்துக்காரர். "ஏண்ணே, அன்னைக்கு நிக்காதேன்னீக, இன்னைக்கு நில்லுங்கீக. தங்கச்சி அங்கிட்டு வந்துருச்சா?"

"இல்லீங்க. வந்தா ஏறிக்கட்டும். வராட்டியும் நிறுத்துங்க."

பிறகு முருங்கை மர வாசலுக்குப் போனான். உள்ளே போகவில்லை. "மைதிலி, வேன்காரர்கிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் நிக்கும். நீ எங்க ஏறுனாலும் சரி. அன்னைக்குச் செஞ்சது தப்பு" என்றான். அவ்வளவு நீளமாக அவன் மைக் இல்லாமல் பேசியதே இல்லை.

"சரிங்க, யோசிக்கறேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

8

மறுநாள் காலை. வேன் மேற்கூரில் நிற்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ராமர் ஹாரன் அடிக்கிறார். கன்னையன் டீக்கடை ஓரம் நிற்கிறான். அடுத்து வேன் கீழூரில் நிற்கும்.

மைதிலி எங்கே ஏறினாள் என்ற வரியை நான் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அவள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வரியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒன்று மட்டும்: எழுதுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.