கால் சுற்று

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுவதே இல்லை. நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்த மனுஷன் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, கையிலிருக்கும் போனிடம் போய் வழி கேட்கிறார்கள். போன் என்றைக்காவது சாக்கடைக்குள் கையை விட்டிருக்கிறதா? குழாய்க்காரர் காலையிலிருந்து இதையே வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தார். அவருடைய தங்கச்சி மகள் தரையில் குப்புறப் படுத்து, மீன் தொட்டிக்குக் கீழே இருந்த மர அலமாரிக்குள் தலையை விட்டு, பிளாஸ்டிக் குழாயில் பசை தடவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து நாலு எட்டில் கட்டில். அதில் அவளைப் பெற்றவர், குழாய்க்காரரின் மாப்பிள்ளை, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பன் கெடக்கிற கெடையில மக பைப்பு ஒட்டுறா."

"அவருக்காகத்தான் மாமா ஒட்டுறேன். அந்த எல்போவை எடுங்க."

வளைந்த இணைப்பை எடுத்துக் கொடுத்தார். வாய் என்ன சொன்னாலும் கை கேட்கவில்லை.

டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டு, வாசலில் நின்று, "இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று மாப்பிள்ளை போன வாரமே சொல்லிவிட்டார். அவருக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. வலி என்று சொல்லவில்லை, பசி என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். அந்தச் சத்தம்.

நாலடித் தொட்டி. மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்பைத் தாண்டி வழியும் தண்ணீர் குழாய் வழியாக அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டியில் விழும். அங்கிருந்து மோட்டார் திரும்ப மேலே அனுப்பும். விழுகிற தண்ணீர் காற்றையும் கூட்டிக்கொண்டு போவதால் நாள் முழுக்கக் கடகடவென்று ஒரு சத்தம். நிமிஷத்துக்கு ஒரு தடவை கக்கூஸில் தண்ணீர் இழுப்பது போல ஒரு உறிஞ்சல். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் மாப்பிள்ளையின் கண் திடுக்கென்று திறக்கும்.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நீ. இஞ்சின் பக்கத்துல உக்காந்தே சோறு தின்னவன். இது உனக்கு ஒரு சத்தமா மாப்ளே?" என்று நேற்று குழாய்க்காரர் கேட்டார்.

"அது நான் போட்ட சத்தம் மச்சான்," என்றார் மாப்பிள்ளை, இரண்டு மூச்சுக்கு நடுவில். "இது என்னைப் போட்டு எடுக்குது."

மோட்டாரை நிறுத்தியும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கட்டிலில் இருந்தபடியே அதைப் பார்த்த மாப்பிள்ளை, அதே மாதிரி வாயைப் பிளந்துகொண்டு, காலால் கட்டிலை உதைத்தார். "போடு... மோட்டாரைப் போடு." தங்கச்சி ஓடிப்போய்ப் போட்டாள். கட்டிலை உள்ளறைக்கு நகர்த்தலாமா என்றதற்கு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். பார்ப்பதற்கு மீன்களை விட்டால் அவருக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

அதனால்தான் மகள் இன்று மூன்று குழாயோடு வந்து இறங்கியிருந்தாள்.

"எதுக்கு மூணு?"

"மொதக் குழாய்ல முழுக்கத் தண்ணி மட்டும் போகும் மாமா. காத்து இல்லேன்னா சத்தம் இல்ல. கீழ இருக்கிற வால்வை வெச்சு அளவா நெரிச்சுக்கணும். மிச்சத் தண்ணி ரெண்டாவதுல சுவரோரமா வழிஞ்சு போயிடும்."

"மூணாவது?"

"அது சும்மா காஞ்சு கெடக்கும். மத்த ரெண்டும் அடைச்சுக்கிட்டா தண்ணிய அது எடுத்துக்கும்."

"வேலையே செய்யாதவனுக்கு வீட்டுல ஒரு இடம்."

கட்டிலிலிருந்து ஒரு சின்னக் கரகரப்பு வந்தது. மாப்பிள்ளை சிரித்திருந்தார். "மச்சான்... மாதிரி."

தங்கச்சியும் சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழாய்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வடிகாலில் வால்வு வைத்துப் பாதி மூடுவது என்பதை அவர் வாழ்க்கையில் கேள்விப்பட்டதில்லை. வடிகால் மூச்சுவிட வேண்டும். சத்தம் போட வேண்டும். எத்தனை மாடிக் கட்டடமாக இருந்தாலும் சுவரில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே சளசளவென்று கேட்டால் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கேட்கவில்லை என்றால் எங்கோ அடைத்துக்கொண்டது, யார் வீட்டுக் கூரையோ ஊறிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷமாக அவர் அறிந்த ஒரே பாடம் அது.

பசை இறுகியதும் மோட்டாரைப் போட்டாள். தடுப்புக்குள் தண்ணீர் மளமளவென்று ஏறியது. முதல் குழாய் விக்கிக்கொண்டு நின்றது. காய்ந்து கிடக்க வேண்டிய மூன்றாவது குழாய் பேயாக இரைந்தது. மாப்பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மகள் போனைத் தடவினாள், மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். 

"நகரு," என்றார் குழாய்க்காரர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி அலமாரிக்குள் பார்த்தார். "மொதக் குழாயோட முனை கீழ்த் தொட்டித் தண்ணிக்குள்ள ஒரு சாண் முங்கியிருக்கு. உள்ள இருக்கிற காத்து எந்த வழியா வெளியே போகும்? உன் போனுக்குள்ளயா?"

ரம்பத்தை வாங்கி, முனை ஒரு அங்குலம் மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி அறுத்தார். மறுபடி மோட்டார். குழாய் கொத்துக்கொத்தாகக் குமிழி கக்கியது. பிறகு ஒரே சீராக இறங்கியது.

மகள் வால்வைக் கால் சுற்று மூடினாள். காத்திருந்தாள். இன்னொரு கால் சுற்று. இரைச்சல் கடகடப்பானது, கடகடப்பு முணுமுணுப்பானது. "கொறையுதுங்க," என்று தங்கச்சி புருஷன் காலைத் தடவியபடி சொன்னாள். "கேக்குதா? கொறையுது பாருங்க." நாலாவது கால் சுற்றில் அறைக்குள் எதுவும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் நெற்றிச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது. "மீனு?" என்றார்.

"எல்லாம் நல்லா நீந்துதுப்பா."

குழாய்க்காரர் எக்கித் தடுப்புக்குள் பார்த்தார். தண்ணீர் ஓடவில்லை. ஓடினால் கேட்குமே. தடுப்புக்குள் தண்ணீர் விளிம்பைத் தொடுகிற மாதிரி தெரிந்தது. இன்னும் சற்று நேரத்தில் பொங்கி வழியும், தரையெல்லாம் ஓடும், கட்டிலுக்கடியில் போகும், சாகக் கிடக்கிறவனை நனைந்த படுக்கையோடு தூக்க வேண்டிவரும். யாரையும் கேட்கவில்லை. குனிந்து வால்வை ஒரு முழுச் சுற்றுத் திறந்துவிட்டார்.

குபீரென்று தடுப்புக்குள் இருந்த தண்ணீர் முழுவதையும் குழாய் உறிஞ்சிக் காற்றை விழுங்கியது. அறையே அதிர்ந்தது. மாப்பிள்ளையின் உடம்பு கட்டிலில் துள்ளி விழுந்தது. அவர் கை காற்றில் எதையோ தேடியது.

"மாமா! கையை எடுங்க!"

"அடைச்சுக்கிச்சு. சத்தமே இல்ல."

"அடைக்கல. அப்படித்தான் இருக்கணும்!"

"சத்தமில்லாம எந்தத் தண்ணி ஓடும்?"

"ஓடுச்சு மாமா." அவர் கையைத் தள்ளிவிட்டு வால்வைப் பிடித்தாள். "ஓடிட்டிருந்ததை நீங்கதான் கெடுத்துட்டீங்க."

மறுபடி முதலிலிருந்து. கால் சுற்று. காத்திருக்க வேண்டும். இரைச்சல் குறைவதாகவே தெரியவில்லை.

"அண்ணே," என்றாள் தங்கச்சி. "இவருக்கு மூச்சு மாறுது."

குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையின் நெஞ்சு ஏறியது, இறங்கியது, அப்படியே நின்றது, யோசித்துவிட்டு ஏறுவது போல மறுபடி ஏறியது. கண் பாதி திறந்திருந்தது. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் இமை துடித்தது.

"சீக்கிரம் மூடேம்மா."

"அவசரப்பட்டா மேல வழியும் மாமா. காத்து மொத்தமும் வெளியே போகணும்."

"எவ்ளோ நேரம்?"

"பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம். அவருக்கு எதைப் பிடிப்பது, எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார். ரம்பத்தூளும் பசையும் ஒட்டிய இரண்டு உள்ளங்கையையும் சட்டையில் துடைத்தார். மாப்பிள்ளையின் இரண்டு காதையும் பொத்தினார். கல்யாணத்தன்று தோளில் கைபோட்டதோடு சரி. அதற்குப் பிறகு அந்த மனுஷனை அவர் தொட்டதே இல்லை. காது மடல் ஜில்லென்று இருந்தது. இமை துடிப்பது நின்றது. தங்கச்சி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

கால் சுற்று. காத்திருப்பு. இன்னொரு கால் சுற்று.

அவருக்கு இடுப்பு விட்டுப்போனது. கை மரத்தது. எடுக்கவில்லை.

"மாமா," என்றாள் மகள், கீழிருந்து, மெதுவாக. "நின்னுடுச்சு. கையை எடுங்க."

எடுத்தார். அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் இத்தனை நாளாக இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த மூச்சு மூன்று பேருக்கும் கேட்டது. கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து.

"இவ்ளோ சத்தமாவா விட்டுக்கிட்டிருந்தாரு?" என்றாள் தங்கச்சி.

இன்னொன்று கேட்டது. நெடுநேரம் கழித்து மற்றொன்று. அதற்கடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். வால்வின் மேல் வைத்த கையை எடுக்காமலே மகள் காத்திருந்தாள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், கட்டிலையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். தங்கச்சி உள்ளே படுத்திருந்தாள். மீன்கள் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தன. மகள் விரல்நுனியில் தீனியை எடுத்துத் தூவினாள்.

"நேத்துலேருந்து ஒரு சொட்டு வெளிய வரல மாமா."

குழாய்க்காரர் குனிந்து முதல் குழாயைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. உள்ளே ஏதோ போகிற மாதிரிதான் இருந்தது. பழைய செய்தித்தாள் ஒன்றைப் பிரித்து, நாலு மூலையையும் நீவி, இணைப்புகளுக்கு நேர்கீழே விரித்துவைத்தார்.

"இது எதுக்கு?"

"கசிஞ்சா காட்டிக் கொடுக்கும்."

அவள் தீனி டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "நீங்க கையை எடுத்தப்புறம்... அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா? சத்தம் நின்னது?"

அவர் செய்தித்தாளின் ஒரு மூலையை, அது நேராகத்தான் இருந்தது, இன்னொரு தடவை நீவினார்.

"நாளைக்கு வந்து தாளைப் பாக்கிறேன்," என்றார். "அதுவரைக்கும் அந்த வால்வை நம்பாதே."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, நாலு படி இறங்கி, நின்று, சுவரில் காதை வைத்தார். எதுவும் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கிப் போனார்.