மனத்தாங்கல் இல்லை என்று சொன்னேன்

என் புருஷன் சத்தியநாதன் மூன்றே நாளில் மன்னித்துவிட்டார். வலது கை மணிக்கட்டோடு போய், கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர், "போனது போச்சு ஞானமுத்து, அழாத" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? கை அவருடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கை செய்த வேலையெல்லாம் இப்போது யார் தலையில்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இவரும் ஞானமுத்துவும் ஒரே மெஷினில் வேலை பார்த்தார்கள், தோலின் உள்பக்கச் சவ்வைச் சீவுகிற மெஷின். கரண்ட் போயிருந்த நேரம், உள்ளே சிக்கிய தோலை இவர் கைவிட்டு இழுத்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் போடுகிறவன் முதலில் "கை எடு!" என்று கத்த வேண்டும். எதிரில் இருப்பவன் "எடுத்தாச்சு" என்ற பிறகுதான் போட வேண்டும். கரண்ட் வந்ததும் ஞானமுத்து கத்தவில்லை. ஷிப்ட் முடிவதற்குள் மிச்சத் தோலை முடித்துவிடும் அவசரமாம். நாசமாய்ப் போன அவசரம்!

அதன்பிறகு ஷூ கம்பெனியில் நான் தைக்கப் போனேன். ஊசி தோலில் இருக்கும், மனசு அந்த மெஷினில் இருக்கும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. கர்த்தரோடும் சண்டைதான். "உமக்குக் கண்ணில்லையா?" என்று கேட்பேன். அவரை விட்டால் சண்டை போடவும் எனக்கு வேறு ஆளில்லை.

எங்கள் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணை. அதற்குச் சனிக்கிழமையே போதகர் ஐயரிடம் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். யார் மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார். உண்டென்றால் முதலில் சமாதானமாகிவிட்டு வரவேண்டும். அதனால் பதினாலு மாதம் நான் பேரே கொடுக்கவில்லை. பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை இவர், "புஷ்பம், இந்த வாட்டியாவது வாயேன். நான் மட்டும் போய் முட்டி போடறது பேஜாரா இருக்குது" என்றார். அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. போனேன்.

"யார் மேலயாவது மனத்தாங்கல் உண்டாம்மா, ஜெயபுஷ்பம்?"

"இல்லீங்க ஐயா."

பட்டென்று வந்துவிட்டது. அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் நற்கருணையின் கடைசிப் பந்தியில் நான் போனேன். பீடத்துக்கு முன்னால் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். இவரும் ஆண்கள் வரிசையில் இருந்தார். ஞானமுத்து மட்டும் பின்னால் கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நடிப்பைப் பார் என்றுதான் நினைத்தேன்.

முட்டி போடப் போகையில் பக்கத்துத் தெரு கிரேஸி காதோரம் சொன்னாள்: "ஒரு வருஷமா அவன் பேரே குடுக்கறதில்லக்கா. புஷ்பம் அண்ணிக்கு என் மேல மனத்தாங்கல் இருக்குது, நான் எப்படி வர்றதுன்னு ஐயர்கிட்டயே சொல்லிட்டானாம்."

உண்மையைச் சொன்னவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். பொய் சொன்ன நான் இங்கே கை நீட்டிக்கொண்டு முட்டி போட்டிருக்கிறேன். ஐயர் அப்பத்தட்டோடு நாலு ஆள் தள்ளி வந்துவிட்டார். எழுந்துவிட்டேன்.

ஆண்கள் பக்கம் நான் நடந்து போனதைக் கோயிலே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்!

கடைசி பெஞ்சில் ஞானமுத்து முன்னால் போய் நின்று, "எழுந்திரு" என்றேன்.

"அண்ணி... மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல. வாய்ல வருது, மனசுல வரமாட்டேங்குது. அதுக்குப் பெலன் குடுன்னு கேக்கத்தான் போறேன். நீயும் வந்து பக்கத்துல கேளு. தனியா என்னால ஆவாது."

அவன் குழந்தை மாதிரி அழுதான். தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். என் புருஷன் எங்களைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். ஆண்கள் வரிசையிலேயே நானும் முட்டி போட்டேன்.

"ஐயா, நேத்து பொய் சொன்னேன். இவன் மேலதான் கோவம். இன்னும் இருக்குது" என்றேன்.

ஐயர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அப்பத்தை முதலில் அவன் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கை வெடவெடவென்று ஆடியது. அப்பம் கீழே விழுந்துவிடப் போகிறதே என்று அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.