கருத்து கேள்

அக்கா அவளுக்கு வைத்த பெயர் கடுகு. சூடு பட்டால் வெடித்துவிடுவாள். கடல் தாண்டி உளவியல் படிக்கப் போனவளுக்கு அன்று காலையிலிருந்தே சூடுதான்.

பிரிந்து வாழும் குடும்பங்களின் கவலையைப் போன் என்ன செய்கிறது என்று பார்ப்பது அவள் ஆய்வு. நோக்கத்தைப் பேராசிரியர் ஒத்துக்கொண்டார். ஆய்வில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகமான கருதுகோளை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். 'வீட்டாரின் குரல் கேட்பது மனதுக்கு நல்லது' என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: "இதை யார் இல்லை என்பார்கள்?" நாலு மணிக்குள் சரியாகத் தராவிட்டால் இந்தப் பருவத்தில் ஆய்வு கிடையாது.

நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, ரொட்டியை மென்றுகொண்டே, அக்காவுக்கு எழுதி அனுப்பச் சொல்லிப் போனிடம் புலம்பினாள்: "அக்கா, கருதுகோள், குரல் கேட்டா மனசுக்கு நல்லது." போன் தன் காதில் விழுந்ததை எழுதி அனுப்பியது: "அக்கா கருத்து கேள் குரல் கேட்டா மனசுக்கு நல்லது."

தையல் கடையிலிருந்து அக்கா உடனே கூப்பிட்டாள்.

"கருத்து கேட்டியே, சொல்றேன். சுத்தப் பொய்!"

"எது?"

"குரல் கேட்டா நல்லதாம்! நீ குரல்ல அனுப்பினா ஜலதோஷமா, அழுதியான்னு பத்து தடவை போட்டுக் கேக்கறேன். 'சாப்பிட்டேன்'னு எழுதி அனுப்பு, நிம்மதியா துணி வெட்டப் போயிடுவேன்."

"நான் எங்கக்கா கருத்து கேட்டேன்? அது கருதுகோள்!"

"எந்தக் கோளோ, உனக்கு இப்ப அதான் சனி."

வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினாள் கடுகு. இல்லை என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டாள்!

"அக்கா, ஒரே சேதி. பாதிப் பேருக்குக் குரல்ல, பாதிப் பேருக்கு எழுத்துல. கவலை எவ்வளவுன்னு பத்துக்கு மார்க் போடச் சொன்னா?"

"எழுத்துலதான் கவலை கம்மி."

"குரல்லதான்!"

"பந்தயம்?"

"பந்தயம்."

இம்முறை விரலாலேயே தட்டினாள்: 'தொலைவில் இருப்பவரின் சேதியைக் குரலில் கேட்பவர்களுக்கு, அதையே எழுத்தில் படிப்பவர்களைவிடக் கவலை மதிப்பெண் குறைவாக இருக்கும்.'

மூன்றே முக்காலுக்குப் பேராசிரியர் படித்தார்.

"இது தப்பாப் போகலாம், தெரியுமா?"

"தெரியும் சார். தப்பாத்தான் போகும்னு எங்கக்கா பந்தயமே கட்டியிருக்காங்க."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போதே அக்காவுக்கு எழுதினாள்: "ஒத்துக்கிட்டார்!"

பதில் அடுத்த நொடியே வந்தது: "எழுத்துல வேணாம்டி, வாயால சொல்லு, கேக்கணும். இது பந்தயத்துல சேராது."