அம்மா கேட்ட பூ

“இது என்ன பூ?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள். செம்பனை எண்ணெய்த் தோட்டத்து வாய்க்கால் ஓரம், ஈர மண்ணோடு ஒட்டிப் படர்ந்திருந்த கொடி. தீக்குச்சித் தலையளவு மொட்டு. அதைச் சுற்றி வளையமாகச் சின்ன வெள்ளைப் பூக்கள். எனக்குத் தெரியவில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு தண்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஜித்ரா டவுனில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஜலீல் அண்ணனிடம் போனேன். பையை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

“வாயத் திறந்தா வரி போட்டுருவாங்களா, தங்கச்சி?” என்றபடி இலையைத் திருப்பினார். “வல்லாரைன்னா இலை வட்டமா இருக்கும். இது பொடுதலை. நுனியில மட்டும் பல்லு இருக்கு பாரு. வளக்கப் போறியா? கணுவ ஈர மண்ணுல அமுக்கி வை. காஞ்சா போச்சுலா.”

அம்மாவைப் புதைத்த மேட்டில் அமுக்கி வைத்தேன். தோட்டத்து இடுகாடு பள்ளத்தில் இருக்கிறது. மண் காய்வதே இல்லை. கணுவுக்குக் கணு வேர் விட்டது. வருசத் திதிக்குள் மேடு முழுக்கப் பூத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. பூக்கவும் தொடங்கியது. அப்பாவிடம் சொல்லவில்லை, அன்றைக்கு அவரே பார்க்கட்டும் என்று. கடைசி வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன்.

அப்பா தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பவர். ஒவ்வொரு செம்பனை மரத்தைச் சுற்றியும் புல் இல்லாத வட்டம் விழ வேண்டும். விழுந்தால்தான் அவருக்கு அது வேலை.

திதியன்று காலை அவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேட்டைச் சுற்றி அதே வட்டம். உள்ளே எல்லாம் வெந்த கீரை நிறம்.

“போன வாரமே அடிச்சிட்டேன். ஒரே புல்லு. ஒங்கம்மாவுக்குக் குப்பை புடிக்காதுல்ல?” என்றார். குரலில் பெருமை இருந்தது.

உட்கார்ந்து ஒரு தண்டை இழுத்தேன். வேரோடு வந்தது.

“புல்லு இல்லப்பா. அம்மா பேர் கேட்ட பூ. நான்தான் நட்டேன்.”

“வாய்க்கா ஓரத்துல இருக்குமே, அதுவா?”

“அதேதான். அங்க இன்னும் இருக்காப்பா?”

அங்கேயும் அவர்தான் மருந்து அடிக்கிறார்.

பால் செம்பையும் கற்பூரத்தையும் என் பக்கத்தில் வைத்தார். வட்டத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். மோட்டாரை உதைக்கவில்லை. செம்மண் பாதையில் அதைத் தள்ளிக்கொண்டே மரங்களுக்கு நடுவே போய்விட்டார்.