வாசற்பள்ளம்

சனிக்கிழமை காலையிலேயே அம்புறோஸுக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மொன்ட்ரியால் வீடுகளுக்குத் தரை போட்டே வயதானவர். முழங்காலில் நின்று உழைக்கிறவனுக்கு முழங்கால்தான் முதலில் போகும். அன்று அவர் தானே போட்ட சீமெந்தைத் தானே உடைக்க வந்திருந்தார்.

மொன்ட்ரியாலுக்கு அடுத்த லொங்குய்யில் குணரத்தினத்தின் பழைய பங்களா அது. மகள் ஆர்த்திகா கட்டடக் கலைஞர். தகப்பனுக்காகத் தானே படம் கீறி, தன் செலவில் திருத்துகிறாள். உள்சுவர்களை எடுத்துவிட்டு, கடுதாசி ஒட்டிய இழுவைக் கதவுகளை வைத்திருந்தாள். ஜப்பானியப் பழைய வீடுகளின் முறை. இன்றைக்குக் கட்டுகிற திறந்த வீடுகள் அங்கேயிருந்து நிறைய எடுத்திருக்கின்றன என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அம்புறோஸுக்கு அதில் பிணக்கில்லை. பிணக்கு வாசலில் வந்தது. கதவைத் திறந்ததும் ஒரு சாண் பள்ளம். சப்பாத்தை அதற்குள் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறவேண்டும்.

வியாழக்கிழமை குணரத்தினம் வந்து அதைப் பார்த்தார்.

"என்ன தம்பி, வாசலிலை கிடங்கு? வாற சனம் விழுந்தெழும்பித்தான் என்னைச் சுகம் விசாரிக்கிறதோ? நிரவி விடும்."

"பிள்ளை கீறின படம், அண்ணை."

"பிள்ளையைப் பெத்தது ஆர்?"

பெரியவர் சொல்லிவிட்டார். ஆர்த்திகாவுக்கு ஒரு போன் எடுக்கலாம் என்றுகூட அம்புறோஸுக்குத் தோன்றவில்லை. பின்னேரத்துக்குள் பள்ளத்தை மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை வெளியே பனி உருகி, உப்போடு சேறாகக் கிடந்தது. ஆர்த்திகா வந்தபோது, காலையிலிருந்து வேலையாட்களின் பூட்ஸ் கொண்டுவந்த தண்ணீர், தங்கப் பள்ளம் இல்லாமல், மட்டமான தரையில் பரந்து, முதல் இழுவைக் கதவடிக்குப் போய்விட்டிருந்தது. கடுதாசியின் கீழ்விளிம்பு கறுத்துக்கொண்டு வந்தது.

"உங்கடை அப்பாதான் சொன்னவர்," என்றார் அம்புறோஸ்.

"வேலை தந்தது நான், அங்கிள். என்னட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நனைந்த கடுதாசியைத் துணியால் ஒற்றி எடுத்தாள். எத்தனையோ மேஸ்திரிமாரின் ஏச்சைக் கேட்டுச் சிரித்தவர் அம்புறோஸ்; இந்தச் சொல் இரவு முழுக்கக் கூடவே கிடந்தது.

சனிக்கிழமை அவர் சீமெந்து உடைக்கிற மெஷினைப் பிடிக்க, குணரத்தினம் வந்து உடைந்த கட்டிகளை வாளியில் அள்ளினார். பள்ளம் திரும்பத் தெரிந்ததும் குணரத்தினம் அதன் விளிம்பில் குந்திச் சப்பாத்தைக் கழற்றினார். இருந்து கழற்றச் சுகமாகத்தான் இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற மகளுக்குச் சொன்னார். முந்தாநாள் இதைக் கிடங்கென்ற வாய் எங்கே போனது என்று அவள் கேட்டாள். தகப்பனுக்கும் மகளுக்கும் அதோடு சமாதானம்.

அம்புறோஸ் மெஷினைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லாதபோதும் துடைத்தார்.

"திங்கள் ஓடு பதிக்க வாறன், பிள்ளை."

"ஓம் அங்கிள்."

மெட்ரோவில் முழங்காலைத் தேய்த்தபடி போனார். உடைத்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. ஆனாலும் ஆர்த்திகாவிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை அவர் கேட்கவில்லை. அது இன்னும் கடன்.