உப்புக் கரிக்காத தண்ணீர்

தமயந்தியின் வாய்க்குள் அந்த ஒரு மடக்குத் தண்ணீர் நிற்கிறது, கண்ணை மூடியிருக்கிறாள், நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், விழுங்கட்டும், விழுங்கிவிட்டுச் சொல்லட்டும், வாசலில் பூவரச மரத்தின் இலை ஒன்றுகூட அசையவில்லை, கடல் பக்கத்து வானம் ஈரல் நிறத்தில் கனத்துக் கிடக்கிறது, புயலுக்கு முன்னால் எல்லாமே இப்படித்தான் மூச்சை அடக்கிக்கொள்ளும், நானும் அடக்கிக்கொண்டிருக்கிறேன், புயலுக்குப் பயந்து இல்லை, இந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாளோ என்று, வயிற்றில் என் பேரப்பிள்ளையைச் சுமந்துகொண்டு நிற்கிற என் மருமகள், மன்னார்குடிப் பக்கம் நெல்வயல் ஊரில் பிறந்து ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், இந்த உப்பளத்து ஊருக்கு வாழவந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை, அதனால் அவள் நாக்கு இன்னும் நாக்காக இருக்கிறது, எங்கள் நாக்கெல்லாம் எப்போதோ செத்துப்போனது, பிறந்ததிலிருந்து உப்புக் காற்றைத் தின்று, பாத்தியில் உப்பை வாரிக் கரையேற்றும்போது உதட்டில் படிந்ததை நக்கி நக்கி மரத்துப்போனது, குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று எங்கள் தெருவில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைத் திட்டியதில்லை, தெரிந்தால்தானே திட்டுவதற்கு. கரிக்கல அத்தை, என்கிறாள் தமயந்தி, நல்லாத்தான் இருக்கு. நல்லா வாயில வச்சிப் பாத்தியா, இன்னொரு மடக்கு குடி, என்கிறேன், அவள் சிரிக்கிறாள், இப்புடியே குடிச்சா புயலுக்கு எதுவும் மிஞ்சாது, என்கிறாள், அப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

இது வெள்ளை டிரம், புதுசு, கடைத்தெருவில் வாங்கியது, மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேன், கடைக்காரப் பையன், என்னக்கா, மல்லிப்பூவா வாங்குற, என்று கேட்டான், கேட்டால் கேட்கட்டும், உப்பையே பார்த்திராத டிரம் எனக்கு வேண்டும், அவனுக்கு அது எப்படித் தெரியும், அந்தப் பழைய நீல டிரம்மை அவன் பார்த்ததில்லை. நீல டிரம் உப்பளத்திலிருந்து வந்தது, கிணற்றுக் கரிப்புத் தண்ணீரை எடுத்து எடுத்து ஓரம் வெளுத்துப்போன டிரம், என் வீட்டுக்காரர் நாடிமுத்து அதைப் புளி போட்டுத் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார், வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தார், தண்ணீர் நிரப்பி ஒரு வாய் குடித்துவிட்டு, தேனாட்டம் இருக்கு புள்ள, என்றார், நானும் குடித்தேன், தேனாட்டம்தான் இருந்தது, வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஏமாறமாட்டான், அளத்து ஆட்கள்தான் ஏமாறுவோம், உப்பை உப்பென்று சொல்ல எங்களுக்கு நாக்கு இல்லை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் அந்தப் பெரும்புயலுக்கு முந்தின சாயங்காலம் மூங்கில் கழியில் டிரம்மைத் தொங்கவிட்டு இரண்டு பேரும் தோளில் தூக்கிக்கொண்டு புயல் கட்டடத்துக்கு ஓடினோம், இடுப்பில் என் மகன் இளவழகன், தாய்ப்பால் மறந்த புதிது, உடம்பு அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது, காய்ச்சல், ஊர்க்காரர்கள் எல்லாம் உள்ளே கூடத்தில் இருந்தார்கள், சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் பக்கிரிசாமி நின்றார், அளத்து மேஸ்திரி, கட்டடத்துச் சாவியும் அவரிடம், எங்கள் கூலியும் அவரிடம், காலனி ஆளுங்கல்லாம் வராந்தாவுலயே இருந்துக்கங்க, என்றார், குரலில் கோபம்கூட இல்லை, மாட்டை எங்கே கட்டுவது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார், நாங்களும் உட்கார்ந்தோம், சுவரில் பெரிதாக என்னமோ எழுதியிருந்தது, அப்போது எனக்கு அது வெறும் கறுப்புக் கோடு, பிறகு தெருவிளக்கின் கீழே நடந்த வகுப்பில் உட்கார்ந்து எழுத்துப் படித்த பிறகுதான் தெரிந்தது, பொதுமக்கள் என்று எழுதியிருக்கிறது, பொதுமக்கள் என்ற எழுத்துக்குக் கீழேதான் நாங்கள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மழை மேலிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வந்தது, கோணியைப் பிடித்தால் கோணி பறந்தது, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தேன், துப்பினான், மறுபடி கொடுத்தேன், துப்பிவிட்டு முகத்தைச் சுளித்தான், காய்ச்சலில் பண்ணுகிறான் என்று அதட்டி ஊற்றினேன், குமட்டிக்கொண்டு வாந்தியெடுத்தான், அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஏங்க, இது கரிக்குதுங்க, நமக்குத்தான் தெரியல, என்றேன், நாடிமுத்து டிரம்மையே வெறித்துப் பார்த்தார். கூடத்துக்குள் எவர்சில்வர் தவலையில் தண்ணீர் இருந்தது, வாசலில் போய் நின்று கேட்டேன், கைய நீட்டு, என்றார் மேஸ்திரி, இரண்டு கையையும் குவித்து நீட்டினேன், உயரத்திலிருந்து ஊற்றினார், அளத்து வேலைக்காரியின் கையைப் பார்த்திருக்கிறீர்களா, கோடைத் தரை மாதிரி வெடித்திருக்கும், வெடிப்புக்குள்ளெல்லாம் உப்பு ஏறி வெள்ளை வெள்ளையாய் நிற்கும், வாசலிலிருந்து வராந்தா மூலைக்கு வருவதற்குள் பாதி ஒழுகிவிட்டது, மீதியைப் பிள்ளை வாயில் விட்டேன், அதையும் துப்பினான், என் கையே அந்தத் தண்ணீரைக் கரிக்கவைத்துவிட்டது. மறுபடி போய் நின்றேன், ஒரு கிளாசு குடுங்க ஐயா, கழுவிக் குடுத்துடுறேன், என்றேன், எத்தனை தடவ வருவே நீ, என்று கதவை ஒருக்களித்தார். பிறகு நாடிமுத்துதான் வேட்டி முனையை மழையில் நீட்டிப் பிடித்து, ஊறினதும் பிள்ளை வாயில் பிழிந்தார், பிழிந்து பிழிந்து விடியவைத்தார், விடிந்து பார்த்தால் அளத்தில் ஒரு உப்பு அம்பாரம்கூட இல்லை, தென்னங்கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்த வெள்ளை மலைகள் அத்தனையும் கரைந்து கடலுக்கே திரும்பிப் போயிருந்தன, இன்னமும் தூக்கத்தில் அது வரும், நான் கையைக் குவித்துத் தண்ணீர் கொண்டுபோகிறேன், வராந்தா நீண்டு நீண்டு அளத்து வரப்பாகிறது, மூலையில் பிள்ளை அழுகிறது, போகப் போக என் விரல் உப்பாகிக் கரைகிறது, மணிக்கட்டு கரைகிறது, முழங்கை கரைகிறது, பிள்ளையிடம் போய்ச் சேரும்போது கொடுக்கக் கையே இல்லை. அந்தப் பிள்ளைதான் இன்றைக்குப் பாலக்காட்டில் மார்பிள் ஒட்டுகிறான், காலையில் போன் பண்ணி, நேரத்தோட கட்டடத்துக்குப் போயிடும்மா, அவள தனியா உடாத, என்றான், சரிப்பா, என்றேன், உள்ளே போய் உட்காரப்போகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

மூட்டை கட்டுகிறேன், அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஒரு தூக்கில், தீப்பெட்டியைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி இறுக்கி, டார்ச் லைட், மெழுகுவர்த்தி, தாம்புக்கயிறு, தார்ப்பாய், ரேஷன் கார்டையும் பட்டாவையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அப்புறம் நர்சம்மா சொன்னபடி கொதிக்கவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணி, புது பிளேடு, நூல்கண்டு, அது தமயந்திக்கு, எந்த நேரத்தில் என்ன ஆகுமோ, இந்தத் தடவை அவள் ஈரத்தில் படுக்கக் கூடாது, யாரிடமும் கையை நீட்டக் கூடாது, அதற்குத்தான் இத்தனையும். நாடிமுத்து வெற்றிலைப் பெட்டியையும் ரேடியோவையும் கொண்டுவந்து வைத்தார், புயல் சேதி கேக்கத்தான் புள்ள, என்றார், பழைய பாட்டுக் கேக்கன்னு சொல்லுங்களேன், என்றேன், உப்பு எடுத்து வச்சியா, என்று கேட்டார், நம்ம மேல இருக்கறது பத்தாதா, என்றேன், தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், இந்தத் தடவ கூடத்துல போயி உக்காரப்போறோம், என்று சொன்னேன், அவர் முகம் சுருங்கியது, வெற்றிலையைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார், தை பொறந்து அளம் தொறந்தா அந்த மேஸ்திரிகிட்டதான் வேலைக்கு நிக்கணும், வராந்தாவுல தார்ப்பாய் கட்டிக்கலாம், காத்து தெக்கேருந்துதான் வரும், நனையாது, என்று என்னென்னமோ சொன்னார். காத்துக்குப் பயந்து போவல, அவரு ஊத்துன தண்ணிக்காவப் போறேன், நீங்க வராந்தாவுலயே இருங்க, என்றேன், அவர் துடைத்த வெற்றிலையைப் பெட்டியில் போட்டு மூடினார்.

பொழுது சாயுமுன்னே போய்விட்டோம், அவர்தான் டிரம்மைத் தலையில் தூக்கி வந்தார், வராந்தா வரைக்கும் வந்தார், கூடத்து வாசற்படிக்கு ஒரு சாண் முன்னால் கால் தானாக நின்றது, இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், பழகின மாடு கட்டுத்தறியில் நிற்கிற மாதிரி நின்றார், எனக்குக் கோபம் வரவில்லை, அவர் வேட்டி முனைதான் ஞாபகம் வந்தது. டிரம்மைச் சாய்த்து உருட்டினேன், வாசற்படியில் இடித்தது, இன்னொரு தள்ளு தள்ளினேன், உள்ளே போய்விட்டது, சிமெண்டுத் தரையில் அது உருண்ட சத்தத்தில் கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது, கூடத்துக்கு நடுவில் நிமிர்த்தி வைத்தேன், பாயை விரித்தேன், தமயந்தி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பக்கிரிசாமி வந்தார், தலை நரைத்துவிட்டது, சாவிக்கொத்து அதே சாவிக்கொத்து, என்னா இது, வழக்கம் தெரியாதா உனக்கு, என்றார். புள்ளத்தாச்சி மேஸ்திரி, ஈரத்துல படுக்க மாட்டா, நாங்க கேக்க வரல, எங்க தண்ணிய நாங்களே கொண்டாந்துருக்கோம், என்றேன், உக்கார எடம் மட்டுந்தான், அது ஓங்களோடது இல்ல. அவர் சுற்றிலும் பார்த்தார், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று, ஒரு பெண் தன் பாயைச் சுவரோரம் இழுத்துக்கொண்டாள், இன்னொருத்தி இழுக்கவில்லை, அவ்வளவுதான். பொழுது இறங்கிக் காற்று எழுந்ததும் வராந்தாவிலிருந்த எங்கள் தெருவாட்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், காற்று தள்ளிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை, நாடிமுத்து மட்டும் வரவில்லை, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார், கதவு இடுக்கில் அவர் கால் தெரிந்தது, நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு தூங்கிப்போனேன், அன்றைக்குக் கனவு வந்ததா, இல்லை கண்ணைத் திறந்துகொண்டேதான் பார்த்தேனா, வராந்தா நீளவில்லை, கை இருந்தது, பத்து விரலும் இருந்தது.

விடிந்தால் வெயில், புயல் வடக்கே திரும்பி நடுக்கடலிலேயே வலுவிழந்துவிட்டதாம், கூடமே சிரித்தது, பாய் சுருட்டுகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், எங்கள் தெருவாட்கள்தான் முதலில் எழுந்தார்கள், திருடப்போய் மாட்டிக்கொண்ட மாதிரி அவசர அவசரமாய்க் குனிந்து வெளியே போனார்கள், காற்று நின்றுவிட்டதே, இனி எதைச் சொல்லி உள்ளே இருப்பது, தமயந்தியும் என்னைப் பார்த்தாள், போலாமா அத்தை, என்று கண்ணாலேயே கேட்டாள், இரு, என்றேன். எதற்கு இருக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, எழுந்தால் இது புயலுக்குப் பயந்து உள்ளே வந்ததாக ஆகிவிடும், அடுத்த புயலுக்கு மறுபடி வராந்தாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது, அப்போதுதான் வெளியே போகிற கூட்டத்துக்கு எதிராக ஒருத்தர் உள்ளே வருகிறார், தோளில் தார்ப்பாய், கையில் ரேடியோ, படியை ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கிறார், தாண்டுகிறார், ரேடியோக்காரி இன்னும் புயல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், புயலும் இல்லை, மழையும் இல்லை, காரணமே இல்லாமல் நாடிமுத்து கூடத்துக்கு நடுவில் வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறக்கிறார். பக்கிரிசாமி பூட்டோடு வருகிறார், காத்துதான் நின்னுடுச்சே, எந்திரிங்க, பூட்டணும், என்கிறார், நாங்கள் எழவில்லை, அவர் நாடிமுத்துவைப் பார்த்து, தை பொறந்து அளத்துக்கு வரணும்ல நீ, என்கிறார். நாடிமுத்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளுகிறார், சுண்ணாம்பைத் தடவுகிறார், மடிக்கிறார், வாயில் போடவில்லை, கூப்புட்டா வர்றேன், கூப்புடலன்னா வேற அளம் பாக்குறேன், என்கிறார், கொண்டாந்த தண்ணி தீரல மேஸ்திரி, தீந்ததும் எந்திரிக்கிறோம். மேஸ்திரி டிரம்மைப் பார்க்கிறார், கழுத்து வரைக்கும் நிற்கிறது தண்ணீர், சாவி கையில் குலுங்குகிறது, திரும்பிப் போகிறார், போய் வராந்தாவில் உட்காருகிறார், உட்கார வேறு இடம் இல்லை. நான் டம்ளரை டிரம்முக்குள் விட்டு முக்கி எடுக்கிறேன், விளிம்பு வழிய வழியத் தமயந்தியிடம் நீட்டுகிறேன், அவள் கண்ணை மூடவில்லை, அண்ணாந்து குடிக்கவில்லை, டம்ளரில் வாயை வைத்து மடக் மடக்கென்று குடிக்கிறாள், மோவாயில் வழிந்து கழுத்தில் இறங்கி வயிற்றில் சொட்டுகிறது, எப்படி இருக்கு என்று நான் கேட்கவில்லை, இன்னும் ஒரு டம்ளர் முக்குகிறேன், இது எனக்கு.